ஆறாம் கட்டிலின் தாமதம்

வெரிட்சா ஸ்தமென்கோவிச்சைத் தெரிந்தவர்கள், கவலை அவளோடு கூடப்பிறந்தது என்பார்கள். அவள் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். எங்கள் நீஷ் நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்த அந்த வசந்தத்தில்தான் அது தன்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது என்பாள். அப்போது அவள் மின்னணுப் பொறியியலில் கடைசி ஆண்டு. காலையில் சந்தைக்குப் போன அண்ணன் பொழுது சாயும்வரை வரவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தால் என்ன சேதி வருமோ என்று பயம். அடிக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய பயம். கடைசியில் அண்ணன் முழங்கை சிராய்த்து, சட்டையெல்லாம் மண்ணாக, நடந்தே வந்து சேர்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து, வரவேண்டியது வராமல் இருந்தால் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

அவளுக்கு வாய்த்த வேலையும் அதற்கேற்றதாகத்தான் இருந்தது. நகரத்தின் பழைய மின்னணு ஆலை படுத்துப்போன பிறகு, அதில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆங்காங்கே சின்னச் சின்ன நிறுவனங்களாகக் கிளை விட்டார்கள். அதில் ஒன்றில் வெரிட்சா இருந்தாள். மருத்துவமனைக் கட்டில்களின் அருகே நின்று நோயாளியின் நாடித்துடிப்பையும் இரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனையும் பார்த்துக்கொண்டே இருக்கும் கருவியை அவர்கள் செய்தார்கள். ஏதாவது தவறினால் கருவி கட்டிலருகே கூவும். கூடவே, தாழ்வாரக் கோடியில் செவிலியர் மேசைமேல் இருக்கும் கணினித் திரைக்கும் ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைக் கணினிக்குள் உட்கார்ந்து வாங்கித் திரையிடம் ஒப்படைக்கிற சின்ன நிரலுக்குத் தொழிலில் டிரைவர் என்று பெயர். அதை எழுதியவள் வெரிட்சா.

அவள் கணவன் பிராட்டிஸ்லாவ் தெற்கே போகும் வெளியூர்ப் பேருந்தை ஓட்டுகிறவன். "எங்க வீட்ல ரெண்டு டிரைவர். ஒருத்தன் ரோட்டைப் பாத்துக் கவலைப்படுவான், ஒருத்தி ரோடே இல்லாததைப் பாத்துக் கவலைப்படுவா" என்று விருந்துகளில் சொல்லிச் சிரிப்பான்.

முதலில் எல்லாச் செய்திகளும் ஒரே அளவாக இருந்தன. அறுபத்துநான்கு பைட். கட்டில் எண், எச்சரிக்கை, நோயாளியின் பெயர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பெயர் நீளமாக இருந்தால் வெட்டிவிடும். தெற்கத்திப் பெயர்கள் இரயில்வண்டி மாதிரி நீண்டவை. ஒரே அறையில் ஒரே குடும்பப் பெயரில் இரண்டு பேர் படுத்திருக்க, திரையில் இருவருமே ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். ஒரு மருத்துவர் பெயரை மட்டும் பார்த்துத் தவறான கட்டிலுக்கு ஓடினார். நல்லவேளையாக அத்தோடு போயிற்று. அவர் போட்ட சத்தம் நிறுவனம்வரை கேட்டது.

நிறுவனத்தை நடத்திய நெனாத் வெரிட்சாவைவிடப் பத்து வயதாவது இளையவன். கெட்டிக்காரன், எதையும் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறவன்.

"இனிமே பேரை வெட்டக் கூடாதுக்கா. எவ்ளோ நீளம் வேணுமோ அவ்ளோ நீளம் செய்தி போகட்டும்" என்றான்.

"ஒரே அளவா இருந்தா, வர்றது என்னன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அளவு மாறிக்கிட்டே இருந்தா, எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்கணும்."

"அதைக் கண்டுபிடிக்கத்தான நீங்க இருக்கீங்க."

"வேற வழியில்லையான்னு கேக்குறேன்."

"பேரைச் சுருக்கிக்கச் சொல்லி நோயாளிங்கள கேக்கவா?"

வேறு வழியில்லை என்று அவளுக்கும் தெரியும். எழுதினாள். கருவி முதலில் தன் செய்தி எவ்வளவு நீளம் என்று சொல்லும், பிறகு செய்தி வரும். நீளம் பொய்யாக இருந்தால் என்ன ஆகும், சுழியம் என்று சொன்னால் என்ன ஆகும், பாதி வந்து அறுந்துபோனால், இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வந்தால் என்று தன் மனதில் தோன்றிய அத்தனை பயங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள். கூட வேலை பார்த்தவர்கள் பொறுமை இழக்கும்வரை சோதித்தாள். பிறகுதான் விட்டாள். புதிய டிரைவர் மூன்று நான்கு மருத்துவமனைகளில் ஓட ஆரம்பித்தது. இலையுதிர்காலம் அமைதியாகப் போயிற்று.

குளிர் தொடங்கியபோது அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. தெற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றின் மருத்துவமனையிலிருந்து, நுரையீரல் பிரிவின் தலைமைச் செவிலி நெவெங்கா பேசினாள். நெனாத் ஒலிபெருக்கியில் போட்டான்.

"ஆறாம் கட்டில்ல ஒரு அம்மாவுக்கு மூக்குக் குழாய் நழுவிடுச்சு. ஆக்ஸிஜன் இறங்கிட்டே போயிருக்கு. கட்டில் பக்கத்துல உங்க கருவி கத்துச்சாம். கதவு சாத்தியிருந்ததால எங்களுக்குக் கேக்கல. திரையில ஒண்ணுமே வரல. தரை துடைக்கப் போன பொண்ணு பாத்துக் கூப்பிட்டா, ஓடிப் போய்க் குழாயை மாட்டினோம். அம்மா நல்லாருக்காங்க. திரும்பி வந்து பாத்தா, திரையில ரெண்டு செய்தி சேந்து நிக்குது. 'ஆக்ஸிஜன் குறைந்தது'ன்னு ஒண்ணு, 'சரியாகிவிட்டது'ன்னு ஒண்ணு. ரெண்டும் ஒரே நேரத்துல."

"கேபிள் எங்கயாவது லூசா இருக்கும். பாத்துடலாம்" என்றான் நெனாத்.

வெரிட்சா அதை நம்பவில்லை. கேபிள் சரியில்லை என்றால் செய்தி தொலையும், அல்லது சிதையும். ஆபத்து என்ற செய்தி, ஆபத்து நீங்கியது என்ற செய்தி வரும்வரை எங்கோ காத்திருந்து, அதன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. கேபிள் அப்படிச் செய்யாது.

ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தாள். "நெவெங்கா, நான் வர்ற வரைக்கும் அந்தத் திரையை நம்பாதீங்க. ஆளை விட்டுக் கட்டில் கட்டிலா பாக்கச் சொல்லுங்க."

"எங்கள்ல பாதிப் பேரு ஜெர்மனிக்குப் போயாச்சு, தெரியுமில்ல. இருக்கிறவங்கள வெச்சுக்கிட்டு நடக்க முடியலன்னுதான் உங்க திரையை வாங்கினோம்" என்றாள் நெவெங்கா. பிறகு, "சரி. பாக்குறோம். சீக்கிரம் வாங்க" என்றாள்.

இணைப்பு துண்டிக்கப்பட்டதும் நெனாத் அவள் பக்கம் திரும்பினான். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? இன்னும் என்னன்னே தெரியல."

"தெரியாததாலதான் சொன்னேன்."

மறுநாள் காலை அவள் கணவனின் பேருந்திலேயே கிளம்பினாள். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. மடியில் கணினிப் பை, அதன்மேல் புரெக் என்கிற அடுக்கு அப்பத்தின் பிரிக்காத பொட்டலம். வெளியே மூடுபனி. பிராட்டிஸ்லாவ் கண்ணாடியில் அவளையே அடிக்கடி பார்த்துக்கொண்டான்.

"சாப்பிடு. ஆறினா எண்ணெய் உறைஞ்சு போயிடும்."

"இப்போ வேண்டாம்."

"அந்தம்மாவுக்குத்தான் ஒண்ணும் ஆகலியே."

"தரை துடைக்கிற பொண்ணு அந்தப் பக்கம் போகலன்னா?"

ஒரு நிறுத்தத்தில் கோழிக்கூடையோடு ஒருவர் ஏறி, பிராட்டிஸ்லாவோடு தர்க்கம் பண்ணி, கூடையைப் பின்னால் கொண்டுபோனார். வண்டி நகர்ந்ததும் அவன் மெதுவாகச் சொன்னான்: "என் வண்டியில கதவு சாத்தலன்னா விளக்கு எரியும். கடைசி ஆள் ஏறிட்டானான்னு கண்ணாடியில தெரியும். உனக்கு எப்படித் தெரியும்? கடைசி ஆள் ஏறிட்டான்னு?"

"துண்டு துண்டாத்தான் வரும், ஒரு துண்டுக்கு அறுபத்துநாலு பைட். முழுசா நிரம்பின துண்டு வந்தா, பின்னாடி இன்னும் இருக்குன்னு அர்த்தம். குறையா ஒரு துண்டு வந்தா, அதோட முடிஞ்சுது."

"அப்புறம் என்ன. சரியாத்தானே இருக்கு."

சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளை வதைத்தது. தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எல்லா வரியும் சரியாக இருந்தது.

நெவெங்கா குள்ளமான, உரத்த குரல்கொண்ட பெண். கைகொடுத்துவிட்டு, கேட்காமலேயே காப்பி வைத்தாள். "என் பொண்ணுங்க நேத்துலேருந்து நடந்து நடந்து கால் வீங்கிக் கிடக்குதுங்க. உங்களைத் திட்டணும்னு நெனச்சுட்டே இருந்தேன். மூஞ்சியப் பாத்தா நீங்களே உங்களத் திட்டிக்கிட்டு வந்தாப்ல இருக்கு. காப்பியக் குடிங்க."

ஆறாம் கட்டிலில் இருந்தவள் ரூஷித்சா ஸ்தோயில்கோவிச். எழுபது தாண்டியவள். குடமிளகாய்த் தோட்டம் வைத்திருப்பவள். மூக்கில் குழாயோடும், நிறுத்தாத பேச்சோடும் தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"நீதான் இந்தப் பெட்டியப் பண்ணவளா கண்ணு?"

"பெட்டியில்லம்மா. அது பேசுறதக் கேட்டுச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. அதைப் பண்ணவ."

"அப்போ அதுக்குக் காது கேக்கலன்னு சொல்லு. என் வீட்டுக்காரர் மாதிரி. நாம கூப்பிட்டதுக்கு, அடுத்த ஆளு கூப்பிடும்போதுதான் என்னன்னு கேப்பாரு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். வெரிட்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கருவிக்கு நோயாளியின் விரலுக்குப் பதிலாக மாட்டுவதற்கு ஒரு பொய் விரல் கொண்டுவந்திருந்தாள். அதில் ஆக்ஸிஜனை வேண்டியபடி ஏற்றி இறக்கலாம். கிழவிக்கு வேறொரு கருவியை மாட்டச் சொல்லிவிட்டு, ஆறாம் கட்டிலின் கருவியில் பொய் விரலை மாட்டினாள். பெயர் இருந்த இடத்தில் 'சோதனை' என்று அடித்தாள். ஆக்ஸிஜனை இறக்கினாள். தாழ்வாரக் கோடியிலிருந்து நெவெங்கா, "வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தாள். மறுபடி இறக்கினாள். வந்தது. கேபிளை ஆட்டிப் பார்த்தாள், கருவியை அணைத்து ஏற்றினாள், தன் பெயரைப் போட்டாள், கணவன் பெயரைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும், "வந்துடுச்சு."

வராமல் போனது வந்துகொண்டே இருப்பதைப் போலப் பயங்கரம் வேறில்லை. இங்கே எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போக வேண்டியிருக்குமோ என்று நினைத்தாள். போனபிறகு எந்தக் கட்டிலில், எப்போது, யாருக்கு?

நெனாத் தொலைபேசியில் அழைத்தான். "என்னக்கா, கேபிள்தானே?"

"இல்ல."

"பின்ன?"

"தெரியல நெனாத். எல்லாம் வருது."

"வருதுன்னா நல்லதுதானே."

அவள் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

ரூஷித்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணு, வேலை முடிஞ்சா என் பேரைத் திரும்பப் போட்டுடு. நம்ம எழுத்துல போடு. மொதல்ல அந்த நர்ஸ் பொண்ணு வெளிநாட்டுக்காரங்க மாதிரி லத்தீன் எழுத்துல போட்டு வெச்சிருந்தா. அது என் பேரே இல்லன்னு சொல்லி, சண்டை போட்டு மாத்தினேன்."

"எப்போ மாத்தினாங்க?"

"குழாய் நழுவுச்சே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

வெரிட்சா கருவியின் விசைப்பலகையை நம் எழுத்தான சிரில்லிக்குக்கு மாற்றி, கிழவியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். லத்தீன் எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரு பைட் போதும். சிரில்லிக் எழுத்துக்கு இரண்டு வேண்டும். ஆக்ஸிஜனை இறக்கினாள். கட்டிலருகே கருவி கூவியது.

தாழ்வாரத்திலிருந்து குரல் வரவில்லை.

"நெவெங்கா?"

"இன்னும் வரல" என்றாள் நெவெங்கா.

வெரிட்சா காத்திருந்தாள். கருவி கூவிக்கொண்டே இருந்தது. ஆக்ஸிஜனை மறுபடி ஏற்றினாள். கூவல் நின்றது.

"வந்துடுச்சு" என்றாள் நெவெங்கா. பிறகு தாழ்ந்த குரலில், "ரெண்டும் வந்துடுச்சு" என்றாள்.

வெரிட்சா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்தது நோயாளியின் கட்டில் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தலையில் வரும் நீளமும், கட்டில் எண்ணும், 'குறைந்தது' என்ற எச்சரிக்கையும், நம் எழுத்தில் எழுதிய ரூஷித்சா ஸ்தோயில்கோவிச்சும் சேர்ந்தால் சரியாக அறுபத்துநான்கு பைட். ஒரு துண்டு, விளிம்புவரை நிரம்பி, ஒரு சொட்டு குறையாமலும் கூடாமலும். முழுத் துண்டைப் பார்த்த டிரைவர் இன்னும் இருக்கிறது என்று நினைத்து, அடுத்ததற்காகக் கையை நீட்டியபடியே நின்றிருக்கிறது. 'சரியாகிவிட்டது' என்ற செய்தியின் குறைத்துண்டு வரும்வரை அடுத்ததாக ஒன்றும் இல்லை. நீளம் என்ன என்று செய்தியின் தலையிலேயே எழுதியிருந்தது. ஆனால் குறைத்துண்டு வந்து முடிந்தபிறகுதான் அதைப் பிரித்துப் படிப்பது என்று அவள் எழுதியிருந்தாள்.

இதை ஏன் அலுவலகத்தில் கண்டுபிடிக்கவில்லை என்பதும் அப்போதே புரிந்தது. அவள் மேசைமேல் இருந்த சோதனைக் கருவிக்குள் ஓடியது அவளே எழுதிய நிரல். முழுத் துண்டோடு செய்தி முடிந்தால், அது பின்னாலேயே ஒரு வெறுந்துண்டை அனுப்பி, முடிந்தது என்று மரியாதையாகச் சொல்லிவிடும். கட்டிலருகே நிற்கும் உண்மைக் கருவியின் நிரலை வேறொருவன் எழுதி, வியன்னாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அது வெறுந்துண்டு அனுப்புமா என்று அவள் அவனைக் கேட்கவே இல்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கேட்டவள், அதை மட்டும் கேட்கவில்லை.

"என்ன கண்ணு, என் பேருலயா தப்பு?" என்றாள் ரூஷித்சா.

"உங்க பேர் சரியா இருக்கும்மா. தப்பு என் பேருல."

நெவெங்கா வாசலில் வந்து நின்றாள். வெரிட்சா அவளிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். இந்தக் கட்டில் மட்டும் இல்லை. எந்தப் பெயரும் எந்த எச்சரிக்கையும் சேர்ந்து அந்த அளவில் வந்து நின்றாலும் இதுதான் நடக்கும். எந்தக் கட்டிலில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நெவெங்கா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "உங்க நிறுவனத்துக்கு இது தெரியுமா?"

"இப்போ சொல்லப் போறேன்."

நெனாத் தொலைபேசியில் முழுவதையும் கேட்டான். பிறகு சொன்னான்: "சரி பண்ணிடுங்க. அடுத்த புதுப்பிப்போட சேத்து எல்லா இடத்துக்கும் அனுப்பிடலாம். இதைத் தனியா சொல்லணுமா?"

"இப்பவே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லணும். திரையை நம்பாதீங்கன்னு."

"வெரிட்சாக்கா, அப்படிச் சொன்னா நம்ம பெட்டியத் தூக்கி வெளியே வெச்சுடுவாங்க. நம்மகிட்ட வேலை பாக்குறவங்க குடும்பம் இருக்கு."

"கதவு சாத்தின அறையில படுத்திருக்கிறவங்களுக்கும் குடும்பம் இருக்கு நெனாத். நீ கூப்பிடலன்னா நான் கூப்பிடுவேன். என் குரல் நடுங்கும். நீ கூப்பிட்டா நல்லாருக்கும்."

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. "நானே கூப்பிடுறேன்" என்றான்.

செவிலியர் அறையில், ஈரத் துணிகள் காயும் வெப்பக் குழாயருகே உட்கார்ந்து அவள் திருத்தத்தை எழுதினாள். முதல் துண்டு வந்த உடனே நீளத்தைப் படித்துவிட வேண்டும். அவ்வளவு வந்து சேர்ந்துவிட்டால், துண்டு நிரம்பியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அத்தோடு முடித்துத் திரைக்குக் கொடுத்துவிட வேண்டும். சொன்ன நீளம் வராமல் நின்றுபோனால், சும்மா காத்திருக்காமல், இந்தக் கட்டிலில் செய்தி அறுந்தது என்று திரையில் சிவப்பில் காட்ட வேண்டும். எழுதுவது பெரிய வேலையில்லை. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். கதவுக்கு வெளியே செவிலியர்கள் கட்டில் கட்டிலாக நடக்கும் சத்தம் ஓயவில்லை. திரும்பும் பயணத்துக்கு முன் வண்டியை நிறுத்திவிட்டு வந்த பிராட்டிஸ்லாவைப் பார்த்ததும் நெவெங்கா, "நீங்க யாரு? புருஷனா? காலி ஆளா இருந்தா அந்தக் கோடி அறைக் கதவு சாத்தாமப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஏதாவது கத்தினா என்னைக் கூப்பிடுங்க" என்றாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் நின்றான்.

புதியதை ஏற்றுவதற்குத் திரையை அணைக்க வேண்டும். அணைத்தார்கள். அந்த நேரம் முழுவதும் அறைக்கு ஒருவராக எல்லோரும் நின்றார்கள். சமையலறைப் பெண்கூட வந்து நின்றாள். கணினி மெதுவாக எழுந்தது. வெரிட்சா மூச்சை எங்கோ மறந்து வைத்துவிட்டவள்போல உட்கார்ந்திருந்தாள்.

பொய் விரலில் ஆக்ஸிஜனை இறக்கினார்கள். கருவி கூவ வாயெடுத்த அதே நொடியில் திரையில் வந்தது: ஆறாம் கட்டில், ரூஷித்சா ஸ்தோயில்கோவிச், முழுப் பெயரும், நம் எழுத்தில். அவள் திருப்தியடையவில்லை. ஒரு எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், இரண்டு துண்டும் விளிம்புவரை நிரம்பும்படி ஒரு பொய்ப் பெயரை இட்டுக்கட்டிப் பார்த்தாள். "இவ்ளோ நீளப் பேரு எங்க ஊர்லகூடக் கிடையாது" என்றாள் நெவெங்கா. எல்லாம் வந்தன. நெவெங்காதான் கடைசியில் பொய் விரலைப் பிடுங்கி அவள் பைக்குள் போட்டாள். "போதும். வீட்டுக்குப் போங்க. நாங்க இன்னைக்கும் நடந்தே பாத்துக்குறோம். நாளைக்கு நம்புறோம்."

நெனாத் சொன்னபடி எல்லா மருத்துவமனைகளையும் அழைத்திருந்தான். ஒன்று, கருவிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. மற்றவை திருத்தத்தை ஏற்றிக்கொண்டன. அந்தக் குளிர்காலம் நிறுவனத்துக்குக் கடினமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் வேறு வேலை தேடிக்கொண்டு போனார்கள். நெனாத் அவளிடம் கோபப்படவில்லை. சில வாரங்கள் தேவைக்குமேல் பேசவும் இல்லை. ரூஷித்சா குணமாகி வீட்டுக்குப் போனாள் என்று நெவெங்கா சொன்னாள். வெரிட்சா வியன்னாவுக்குப் போனவனைத் தொலைபேசியில் பிடித்து, அவன் எழுதியதில் தான் கேட்காமல் விட்டது வேறு என்னென்ன என்று ஒரு முழுப் பிற்பகல் கேட்டாள். அவன் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னான்.

திருத்தம் ஏற்றிய மருத்துவமனைகளில் ஒன்றிலிருந்து வந்த பொறியாளர் வசந்தகாலத்தில் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, "இந்த ரெண்டு செய்தி சேந்து வர்றது எங்க இடத்துலயும் ஒரு தடவை நடந்துச்சு, இலையுதிர்காலத்துல. கேபிள்னு நெனச்சு மாத்திட்டோம்" என்றார்.

வெரிட்சா கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள். "யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்லம்மா. எங்களுக்குத் தெரிஞ்சு இல்ல."

"எந்தக் கட்டில்னு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவள் மறுவாரம் அவரை அழைத்தாள். பார்த்துவிட்டதாகவும், அந்த வாரத்தில் அந்தப் பிரிவிலிருந்து எல்லோரும் நடந்தே வீட்டுக்குப் போனதாகவும் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு, எல்லோருமா என்று இன்னொரு தடவை கேட்டாள். எல்லோரும் என்று அவரும் இன்னொரு தடவை, பொறுமையாகச் சொன்னார்.